கொடைக்கானல் பெண்கள் கூடைப்பந்து அணியின் நல்ல தொடக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பள்ளிப் பெண்கள் அணி இந்தப் பருவத்தில் இன்னும் தோற்கவில்லை. மூஞ்சிக்கல் பஜாரில் காய் வாங்கப் போனாலும் இதே பேச்சுதான். அம்மாக்கள், பழைய மாணவிகள், கடைக்கார அண்ணன்கள் என்று ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடு என்று பி.டி. டீச்சர் சொன்னார். இதே கோர்ட்டில் ஆடியவள், இப்போது அணிக்கு ஸ்கோர் ஷீட் எழுதுகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரைப் போடவில்லை. ஜெர்ஸி நம்பர் போதும்.

இதுவரை என்னதான் நடந்தது?

ஜூனில் பள்ளி திறந்ததுமே பயிற்சி தொடங்கியது. பிறகு மலையிலேயே சில நட்பு ஆட்டங்கள், அதன்பின் பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி. எல்லாமே ஜெயம். போன வருஷம் இதே குறுவட்டத்தில் முதல் ஆட்டத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அணி இது. அடுத்து திண்டுக்கல்லில் வருவாய் மாவட்ட அளவிலான ஆட்டங்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜெயித்த ஆட்டம் அத்தனையும் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் நடந்தவை. கீழே போய் இன்னும் ஒரு பந்தைக்கூடத் தட்டவில்லை.

அப்போ மாவட்டக் கோப்பை நமக்குத்தானா?

கேக் ஆர்டர் கொடுக்க வேண்டாம். நல்ல தொடக்கத்தை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு, அதையே பிடித்துக்கொண்டு கோப்பை வரை போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் 2024-25 பருவத்தை கிளீவ்லாந்து கேவலியர்ஸ் தொடர்ந்து 15 ஆட்டங்கள் ஜெயித்துத் தொடங்கியது. அதே பருவத்தில் இண்டியானா பேஸர்ஸ் முதல் 25 ஆட்டங்களில் 15ல் தோற்றது. மே மாதம் கோப்பைக்கான பிளே-ஆஃப் தொடரில் இந்த இரண்டும் மோதின. பேஸர்ஸ் 4-1 என்று ஜெயித்து, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான் ஒக்லஹோமா சிட்டியிடம் தோற்றது. 2015-16ல் கோல்டன் ஸ்டேட் தோல்வியே இல்லாமல் 24-0 என்று ஆரம்பித்தது, மொத்தம் 73 ஆட்டங்கள் ஜெயித்தது. கடைசியில் இறுதித் தொடரில் 3-1 என்று முன்னால் இருந்தும் கோட்டை விட்டது. ஆனால் 1993-94ல் 15-0 என்று தொடங்கிய ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கோப்பையோடுதான் வீடு திரும்பியது.

ஆகவே எத்தனை ஜெயம் என்று எண்ணுவதைவிட, எப்படி ஜெயித்தோம் என்று ஸ்கோர் ஷீட்டைப் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். எத்தனை புள்ளி வித்தியாசம், ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நாலாவது குவார்ட்டரில் யார் அதிகம் போட்டார்கள், பெஞ்சிலிருந்து இறங்கியவர்கள் என்ன செய்தார்கள், பந்தை எத்தனை முறை சும்மா பறிகொடுத்தோம் என்று பார்ப்பேன். ஒரே ஒரு புள்ளியில் மூன்று ஆட்டம் ஜெயித்த அணியைவிட, இரண்டை நன்றாக ஜெயித்து ஒன்றைக் கொஞ்சத்தில் விட்ட அணிமேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். நம் பிள்ளைகள் வித்தியாசம் காட்டித்தான் ஜெயித்திருக்கிறார்கள், அது நல்ல செய்தி. கெட்ட செய்தி ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்காமல், தனியாக நின்று போடுகிற பந்து அது. அதை இவ்வளவு வீணடித்தால், கீழே ஒரு நெருக்கமான ஆட்டத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம்?

டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டம். போன வருஷம் எதிரணி பந்தோடு வந்தால் நம் பிள்ளைகள் கையை நீட்டிப் பறிக்கப் போவார்கள், ஃபவுல் வாங்குவார்கள். மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் நல்ல ஆட்டக்காரிகள் இரண்டு பேர் ஐந்து ஃபவுலோடு வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வருஷம் எட்டாம் நம்பரைப் பாருங்கள். எதிரணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் பாயின்ட் கார்டு பாதிக் கோட்டைத் தாண்டும்போது இவள் பந்தைப் பார்ப்பதே இல்லை, அந்தப் பிள்ளையின் இடுப்பைப் பார்க்கிறாள். கை இரண்டும் விரிந்தபடி இருக்கும், பந்தின் பக்கம் போகாது. கால் மட்டும் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகும். நடுவில் வழி இல்லாததால் அந்தப் பிள்ளை சைடு லைனை ஒட்டி ஓடுவாள். அங்கே பாதிக் கோட்டின் மூலையில் பதினோராம் நம்பர் தயாராக நிற்பாள். முன்னால் இரண்டு பேர், ஒரு பக்கம் சைடு லைன், பின்னால் பாதிக் கோடு. கோட்டுக்குப் பின்னால் பந்தைத் திருப்பிக் கொண்டுபோனால் அதுவும் தப்பு. தலைக்கு மேலே தூக்கி ஒரு பாஸ் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்தப் பாஸ் மெதுவாகத்தான் வரும். நடுவில் காத்திருக்கும் நாலாம் நம்பர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினால் ரிங்குக்குப் பக்கத்திலேயே போய்ப் போடும் லே-அப், இரண்டு புள்ளி.

குறுவட்டத்தில் ஜெயித்தது பெரும்பாலும் இந்த ஒரே வித்தையால்தான். திண்டுக்கல், பழனிப் பக்கத்து அணிகள் இதை முன்பே பார்த்திருப்பார்கள். நடுவில் உயரமான ஒரு பிள்ளையை நிறுத்தி பாஸ் கொடுத்து இந்த ட்ராப்பை உடைக்க அவர்களுக்குத் தெரியும். அப்போது நம்மிடம் இரண்டாவது திட்டம் வேண்டும். டீச்சர் இப்போது அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் படியவில்லை.

மலையில் இருப்பது நமக்கு லாபம் என்கிறார்களே?

பாதி உண்மை. கடல் மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு இதற்குப் பழகி, ரத்தத்தில் ஹீமோகுளோபினைச் சற்றுக் கூட்டிக்கொள்ளும். கீழேயிருந்து காலை பஸ்ஸில் வந்து மதியம் ஆடும் அணிக்கு அந்த வசதி கிடையாது. நட்பு ஆட்டங்களில் வந்த அணிகள் மூன்றாவது குவார்ட்டரில் இடுப்பில் கை வைத்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். நாம் விடாமல் பிரெஸ் செய்தோம், அதாவது கோர்ட் முழுக்க நெருக்கித் தடுத்தோம், அவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஜெயித்ததில் மலைக்கும் பங்கு இருக்கிறது என்று நான் சொன்னால் சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. கோபப்பட ஒன்றுமில்லை, கீழே போவதற்குள் இதைத் தெரிந்துகொள்வது நமக்குத்தான் நல்லது.

நாம் கீழே இறங்கும்போது அந்தக் கூடுதல் ஹீமோகுளோபின் உடனே போய்விடாது, கொஞ்ச நாள் உதவும். ஆனால் உடம்பு அதைக் கூட்டிக்கொள்ள இரும்புச்சத்து வேண்டுமே! தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வாயில் அடக்கி வைத்திருந்து ஜன்னல் வழியே துப்புகிறார்கள். நானும் ஒரு காலத்தில் துப்பியவள்தான், அதனால் எனக்கு எல்லா ஜன்னலும் தெரியும். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் வயிற்றைப் புரட்டுவது குறையும். முருங்கைக்கீரை நம் உயரத்தில் வளராது. கீழேயிருந்து வருகிற அன்று ஒரு கட்டு வாங்கிப் போடுங்கள். ஓடும்போது உங்கள் மகளுக்கு மட்டும் சீக்கிரம் மூச்சு வாங்கினால், சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

கீழே வெயிலில் தாக்குப்பிடிப்பார்களா?

எனக்கு நிஜமான கவலை இதுதான். ஸ்வெட்டரோடு வளர்ந்த பிள்ளைகள். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அத்தனை நாள் கீழே தங்கவைக்க எந்தப் பள்ளியாலும் முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே இறங்கிவிடுவது, ஆட்டத்துக்கு முன் நிழலில் வார்ம்-அப், எல்லோரையும் முழு நேரம் ஓடவிடாமல் அடிக்கடி மாற்றி ஆடவைப்பது என்று டீச்சர் திட்டம் வைத்திருக்கிறார். முழுக் கோர்ட் பிரெஸ்ஸை முதல் குவார்ட்டரிலேயே கொட்டித் தீர்க்காமல் கடைசிக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. டீச்சர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உப்புக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். ருசிக்காக அரைப் பாக்கெட் போடுவதில் பலனில்லை. மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு இரண்டும் நல்லது. தலை சுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் என்று எது தெரிந்தாலும் ஆட்டம் போனால் போகட்டும் என்று வெளியே கூப்பிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

இங்கேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டு ஓடவைத்து வெயிலுக்குப் பழக்கலாமா என்று ஒரு அப்பா கேட்டார். வேண்டாம் அண்ணா.

பந்து கீழே போனால் வேறு மாதிரி துள்ளுமாமே?

ஆமாம், கதை இல்லை. கீழேயிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் நம் கடைகளில் உப்பிக்கொண்டு தொங்குகிறது இல்லையா, பந்துக்கும் அதே கணக்குதான். வத்தலக்குண்டில் காற்றடித்த பந்தை மேலே கொண்டுவந்தால் வெளியழுத்தம் குறைவதால் இறுகிப்போகும். குளிர் அதில் கொஞ்சத்தைக் கழித்துவிடும், ஆனாலும் கூடுதல் இறுக்கம்தான் மிஞ்சும். இங்கே காற்றடித்த பந்து கீழே போனால் தொய்ந்துவிடும். ஆகவே பம்பும் ஊசியும் பையில் கண்டிப்பாக இருக்கட்டும். இறங்கிய இடத்தில் தலை உயரத்திலிருந்து பந்தை விட்டுப் பாருங்கள், இடுப்புக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும். ஊசியை எச்சிலில் நனைத்துச் செருகுவதை விட்டுவிட்டு ஒரு சொட்டு கிளிசரின் தடவுங்கள்.

பெண்கள் ஆடுவது ஆறாம் சைஸ் பந்து. அண்ணன் வைத்திருக்கும் ஏழாம் சைஸில் வீட்டில் பழகினால் கை அந்தக் கனத்துக்குப் பழகி, ஆட்டத்தில் பந்து போர்டுக்கு மேலே பறக்கும். சிமெண்ட் தரைக்கு ரப்பர் பந்து போதும். நிவியா, காஸ்கோ எதுவானாலும் சரி. தோல் பந்து நம் கோர்ட்டில் ஒரு பருவம் தாங்காது.

மூடுபனியில் எப்படிப் பயிற்சி?

காலையில் கோர்ட் ஈரமாகத்தான் இருக்கும். கோணிச்சாக்கை இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் ஓட்டம். ரிங் தெரியாத அளவுக்குப் பனி இறங்கினால் அன்றைக்குப் பந்தைத் தரையில் தட்டிப் பழகும் டிரிப்ளிங் மட்டும். அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் வகுப்பு வராண்டாவில் ஸ்கிப்பிங். கேன்வாஸ் ஷூவின் அடி தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். கணுக்கால் பிசகினால் ஒரு மாதம் போய்விடும்.

ஆட்டம் பார்க்கிறேன், ஒன்றும் புரியவில்லை. ஏன் எப்போதும் விசில்?

பத்து நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். சமமானால் கூடுதலாக ஐந்து நிமிஷம். வளைவுக் கோட்டுக்கு வெளியேயிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளேயிருந்து இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. ஒருத்திக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும். ஒரு குவார்ட்டரில் அணியின் ஃபவுல் நாலைத் தாண்டினால், அதன்பிறகு தடுப்பில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. பந்து கிடைத்த 24 விநாடிக்குள் எறிய வேண்டும் என்று விதி. பல பள்ளி ஆட்டங்களில் அதற்கான கடிகாரம் இருக்காது. அதனால் முன்னிலையில் உள்ள அணி பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து நேரத்தைக் கரைக்கும். பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்.

என் மகள் குள்ளம். சேர்ப்பீர்களா?

எட்டாம் நம்பர்தான் அணியிலேயே குள்ளம். அனுப்பி வையுங்கள்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. இதனால் என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்வி தப்பில்லை. பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைக்குச் சாயங்காலப் பயிற்சி முடிந்து வீடு சேர இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அம்மாவுக்குத் துணையாக கேரட், பூண்டு விற்க வேண்டிய பிள்ளைகளும் அணியில் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிறு பயிற்சிக்கு வராவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. டீச்சர் இதில் மட்டும் ரொம்ப இளகின மனசு.

பிரயோஜனம் என்றால், தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. ஆனால் குறுவட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது. மாநில அளவுக்கும் அதற்கு மேலும் ஆடியிருந்தால்தான் மதிப்பு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கூடைப்பந்து இருக்கிறது. பள்ளிப் பிரிவில் 12 முதல் 19 வயது வரை, பதிவு இணையத்தில்தான். கடைசித் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

ஆசை காட்டுவதற்கு ஒருவரைச் சொல்கிறேன். அனிதா பால்துரை. தமிழ்நாட்டுப் பெண், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2021ல் பத்மஸ்ரீ வாங்கினார். உங்கள் மகள் அப்படி ஆவாள் என்று நான் சொல்லமாட்டேன். பிளஸ் டூ மார்க் கெடாமல் ஆட முடியும் என்று மட்டும் சொல்வேன். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாரம் இரண்டே நாள்தான் பயிற்சி.

பயணம் எப்படி? மலை இறங்கும்போது வாந்தி எடுப்பாளே?

திண்டுக்கல் ஏறக்குறைய 100 கி.மீ. பெருமாள்மலை, ஊத்து வழியாக வத்தலக்குண்டு இறங்குவதற்குள்தான் சிரமம், அதன்பின் நேர்ச்சாலை. பேருந்தின் முன்பகுதியில் உட்காரட்டும், போனைப் பார்க்க வேண்டாம், புறப்படுவதற்கு முன் இட்லி இரண்டு போதும். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, தூக்கம் வராத வகையாக வாங்குங்கள். ஒரு முறை பாதி அணி தூக்கக் கலக்கத்தோடு கோர்ட்டில் இறங்கியது, மறக்கவே முடியாது. டீச்சரும் உதவிக்கு இரண்டு அம்மாக்களும் கூடவே வருவார்கள். தங்குவது பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில்தான்.

பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டம் நேரில் காட்ட வேண்டும். எங்கே போகலாம்?

தூரமே போக வேண்டாம், நம் காலடியில் பெரியகுளம் இருக்கிறது. சில்வர் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதன் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கேதான், மே மாதத்தில். இந்தியன் வங்கி, கடற்படை, விமானப்படை போன்ற அணிகள் ஆடி நான் பார்த்திருக்கிறேன். மின்னொளியில் ராத்திரி ஆட்டம், கேலரி முழுக்கக் கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து, ஒரு பாஸ் தப்பினால் பாட்டிகள்கூட உச்சுக்கொட்டுவார்கள். கூடைப்பந்துக்கு இப்படி ஓர் ஊர் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவே தெரியாது. ஆண்கள் ஆட்டம்தான், ஆனால் எட்டாம் நம்பர் அங்கே கார்டுகளின் காலை மட்டும் ஒரு ராத்திரி பார்த்தால் போதும். கரூரிலும் கோயம்புத்தூரிலும்கூடக் கோடையில் அகில இந்தியப் போட்டிகள் நடக்கும்.

சிக்கல் என்னவென்றால் மே மாதம் நமக்கு சீசன். மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வண்டி, பெற்றோர் பாதிப்பேருக்கு லாட்ஜிலும் கடையிலும் மூச்சுவிட நேரமிருக்காது. அடுக்கம் வழியாக இறங்கினால் பெரியகுளம் பக்கம். ஆனால் குறுகின ரோடு, மழை பெய்தால் மண் சரியும். கேட்டுவிட்டுப் போங்கள்.

திண்டுக்கல் ஆட்டத்துக்கு நாங்களும் வரலாமா? என்ன கொண்டுவர?

தாராளமாக வாருங்கள். ஐஸ் போட்ட தண்ணீர் கேன், துண்டுகள், நிழலுக்கு ஒரு தார்ப்பாய் இருந்தால் பெரிய உதவி. பிரியாணிப் பொட்டலம் ஆட்டம் முடிந்த பிறகு மட்டும். கோர்ட் ஓரத்தில் நின்று "போடுடி, போடுடி" என்று கத்தாதீர்கள். பந்து கையில் இருக்கிற பிள்ளைக்கு டீச்சர் சொல்வது காதில் விழாது. நடுவரிடம் சண்டைக்குப் போனால் கெட்ட பெயர் நம் அணிக்குத்தான்.

வண்டியில் இடம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம், திரும்பி வரும்போது ராத்திரி ஆகிவிடும்.